கைபுனை அணிகள்: மதிப்பீட்டுக்கு ஓர் அளவுகோல்

தன்னை அழகுபடுத்திக்கொள்ளும் விருப்பம் மாந்த இனத்தோடு உடன்பிறந்தது. துணி நெய்யக் கற்பதற்கு நெடுங்காலம் முன்பே மனிதன் கிளிஞ்சல்களைத் துளையிட்டுக் கோத்து அணிந்தான் என்பதைத் தொல்லியலார் நிறுவியுள்ளனர். வயிறு நிறைவதற்கு வழி தேடிய அதே கை, கழுத்தை அழகு செய்யவும் வழி தேடிற்று. ஆகவே, தன் அணியைத் தானே செய்துகொள்ளும் முயற்சி நேற்று முளைத்த புதுமையன்று. மனிதனின் பழமையான கலைகளுள் அதுவும் ஒன்று.

அம்முயற்சி அண்மைக் காலத்தில் தமிழ்ப் பெண்களிடையே மீண்டும் தழைத்துள்ளது. வளையலின் மேல் பட்டு நூல் சுற்றுகின்றனர். காகிதக் கீற்றுகளைச் சுருட்டித் தோடு செய்கின்றனர். களிமண்ணைச் சுட்டுப் பதக்கம் அமைக்கின்றனர். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஆரி ஊசியால் ரவிக்கையில் பூவேலை செய்கின்றனர். தமிழகத்தின் பெருநகரங்களில் மட்டுமன்று, ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் அமைந்துள்ள லாயாங் லாயாங் போன்ற சிற்றூர்களிலும் இத்தகைய கைவேலைகளுக்கு இடமுண்டு. தீபாவளி நெருங்கும்போது இவற்றின் தேவை மிகுவது இயல்பே.

ஆயினும், இவ்வணிகளைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் செய்முறைக் குறிப்புகளாகவோ பாராட்டுரைகளாகவோ நின்றுவிடுகின்றன. கதைக்குத் திறனாய்வு உண்டு. கவிதைக்கும் நாடகத்திற்கும் உண்டு. கைவேலைக்கு மட்டும் அஃது இல்லை. "கையால் செய்தது" என்ற ஒரு சொல்லே போதிய புகழாகக் கருதப்படுகிறது. கையால் எழுதப்பட்டது என்பதற்காகவே ஒரு கவிதை சிறந்ததாகிவிடாது. அணிக்கும் அதுவே நீதி. எது நல்ல கைவேலை, எது வெறும் கைவேலை என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை வேற்றிடத்தில் தேட வேண்டியதில்லை. தமிழிலக்கியமே அதனை வகுத்து வைத்துள்ளது.

பொருளறிவு

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியில் ஆடுகின்றனர்; மலர்களைப் பறித்துப் பாறையின் மேல் குவிக்கின்றனர்; தழையைத் தைத்து உடுத்துகின்றனர்; கோதை கட்டிக் கூந்தலில் சூடுகின்றனர். அவர்கள் குவித்த மலர்களாக 99 பெயர்கள் அங்கே அடுக்கப்படுகின்றன. புலவரின் சொல்வளத்துக்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஆனால், அஃது அப்பெண்களின் கையறிவுக்கும் சான்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எந்தத் தழை இடையில் உறுத்தாது, எந்தப் பூ வெயிலில் விரைந்து வாடாது என்று அறியாதவர் தழையாடை தைக்க இயலாது. மலையை அறிந்த கையே மலையின் அணியைச் செய்தது.

இவ்வறிவு இன்றும் முற்றிலும் அற்றுப்போய்விடவில்லை. பூத்தொடுப்பவர் வாழை நாரை நீரில் நனைத்துக்கொள்வது ஏன்? காய்ந்த நார் காம்பை அறுத்துவிடும். நனைந்த நார் காம்பைப் பற்றிக்கொள்ளும். தோரணம் பின்னத் தென்னங்குருத்தைத் தேர்வது ஏன்? முற்றிய ஓலை மடிக்கும்போது பிளந்துவிடும். இவை எந்தப் பெட்டியிலும் அச்சிட்டு வருகின்ற குறிப்புகளல்ல. கை கற்றுக் கைக்குத் தந்தவை.

பொருளறிவின்றிச் செய்யப்படும் அணி அழகு குன்றுவதோடு நில்லாமல் சிலவேளைகளில் தீங்கும் விளைவிக்கும். குன்றிமணியும் மஞ்சாடியும் சிவந்த வித்துகள். பொற்கொல்லர் இரண்டையும் எடைக்குப் பயன்படுத்தினர். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது அவர்தம் கணக்கு. மலாய் மொழியில் சாகா எனப்படும் மஞ்சாடி மரம் இந்நாட்டில் பலவிடங்களில் நிழல் தந்து நிற்கிறது. ஆனால், குன்றிமணியின் உள்ளே கொடிய நஞ்சு உண்டு. அதன் கடினமான தோல் சிதையாத வரை அந்நஞ்சு வெளிப்படாது. மாலை கோப்பதற்காக ஊசியால் துளையிட்டால் காப்பு நீங்கிவிடும். பொற்கொல்லர் குன்றிமணியைத் தராசிலிட்டாரேயன்றித் துளையிட்டாரல்லர். "இயற்கைப் பொருளால் ஆன மாலை" என்ற அழகிய பெயரோடு அதனைக் குழந்தையின் கழுத்தில் இடுவது அறியாமையின் விளைவே. விலை மலிந்த உலோகத் தோடுகளிலுள்ள நிக்கல் பலருக்குத் தோலரிப்பை உண்டாக்குவதும் இத்தகையதே. ஆகவே, செய்பவர் தம் பொருளை அறிந்திருக்கிறாரா என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

உறவு

தலைவன் தலைவிக்குத் தழை கொண்டுவந்து தருவதைச் சங்கப் பாடல்கள் கையுறை என்று குறிக்கின்றன. நற்றிணையின் 359ஆம் பாடலில் கபிலர் ஓர் இக்கட்டைப் படைத்துக் காட்டுகிறார். தலைவன் தந்த தழையை உடுத்தினால் தாய் வினவுவாள் என்ற அச்சம். திருப்பிக் கொடுத்தால் அவன் வருந்துவான் என்ற அச்சம். இரண்டுக்கும் நடுவே அத்தழை வாடிவிடுமோ என்று தோழி கவல்கிறாள். வரையாடும் பாய்ந்து ஏறாத அச்சந்தரும் மலைச்சரிவிலிருந்து பறித்துவரப்பட்ட தழை அது.

ஒரு பிடித் தழைக்கு இத்துணைப் பெருமை எங்கிருந்து வந்தது? அதற்குக் கடைவிலை இல்லை; மறுநாள் அஃது உதிர்ந்துவிடும். ஆயினும் அதில் ஒருவனுடைய உழைப்பும் துணிவும் அன்பும் சேர்ந்துள்ளன. யாருக்காகச் செய்யப்பட்டது, எத்துணை இடர்ப்பட்டுச் செய்யப்பட்டது என்பவையே அதன் மதிப்பைத் தீர்மானிக்கின்றன.

மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையும் இவ்வுண்மையை வேறொரு வகையில் உணர்த்துகிறது. கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்த துயரைக் கேட்டபடியே மாலை தொடுத்துக்கொண்டிருக்கிறாள் மணிமேகலை. அவள் கண்ணீர் மாலையின் மேல் விழுகிறது. மாலை தூய்மை இழந்தது என்று கூறிப் புதுமலர் கொய்துவர அவளை அனுப்புகிறாள் மாதவி. காப்பியத்தின் போக்கே அந்தக் கண்ணீர்த் துளியால் திரும்புகிறது. செய்பவரின் உள்ளம் செய்பொருளில் படிந்துவிடும் என்பதைச் சாத்தனார் இவ்வாறு காட்சியாக்கியுள்ளார்.

திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் இறைவனுக்காகத் தொடுத்த மாலையை ஆண்டாள் சூடிப் பார்த்த வரலாறு அனைவரும் அறிந்ததே. அவ்வூர்க் கோயிலில் ஆண்டாளின் கையிலிருக்கும் கிளி இன்றும் இலைகளாலும் பூக்களாலும் நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூ அதற்கு அலகாக அமைகிறது. நேற்றைய கிளி இன்றைக்கு உதவாது. நிலைத்து நிற்பதே கலை என்ற கருத்துக்கு அக்கிளி ஒரு மறுப்பு. கோலமும் தோரணமும் பூமாலையும் கலையாக எண்ணப்படாமல் போனதற்கு அவை நிலைப்பதில்லை என்பதும் ஒரு காரணம். நாள்தோறும் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதாலேயே அக்கலையைக் கற்ற கை நாள்தோறும் தேவைப்படுகிறது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

உட்புறம்

சிலப்பதிகாரத்தின் உச்சநிலை ஓர் அணிகலனின் உட்புறத்தில் அமைந்துள்ளது. கோப்பெருந்தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றே போன்றவை. பாண்டியனின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். வெளியழகை மட்டும் நம்பியதால் ஓர் உயிர் அநியாயமாகப் போயிற்று. அதனைத் தொடர்ந்து அரசனும் அரசியும் மாண்டனர்.

கைவேலையை மதிப்பிடுவோர் இதனை மனத்தில் இருத்த வேண்டும். பூவேலை செய்த ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தாலே தையற்காரியின் தரம் விளங்கும். நூல்முனைகள் ஒழுங்காக முடியப்பட்டுள்ளனவா, சங்கிலித் தையலின் இழுவிசை ஒரே சீராக உள்ளதா என்பவற்றை மறுபக்கமே சொல்லும். ஒழுங்காக முடியப்படாத சங்கிலித் தையல், ஒரு முனையை இழுத்தால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். சுடுமண் பதக்கத்துக்கும் இதே சோதனை உண்டு. மண்ணைப் பிசையும்போது காற்று நீக்கப்படாவிட்டால் சூளையில் வெடிக்கும். நிழலில் மெல்ல உலர்த்தாவிட்டால் விரிசல் விடும். போதிய அளவு சுடாவிட்டால் நீர் பட்டதும் கரையும். வண்ணம் பூசி இக்குறைகளைச் சில நாள் மறைக்கலாம். மழைக்காலம் வந்தால் மறைக்க இயலாது.

உரிமை

மேற்கூறிய மூன்று அளவுகளோடு நான்காவது ஒன்றும் உண்டு. பழைய இலக்கியத்தைக் காட்டிலும் அண்மைக்கால வரலாறே அதனை நமக்குக் கற்பிக்கிறது. அது செய்பவரின் உரிமை.

கைவினையின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்த தமிழர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்த அவர், இலங்கைக் கைவினைகளை நேரில் ஆராய்ந்து 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் நூலை 1908இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கைஅச்சுப் பொறியிலேயே அந்நூல் அச்சிடப்பட்டது. 1909இல் இந்தியக் கைவினைஞரைப் பற்றித் தனி நூலொன்றும் எழுதினார். இயந்திரப் பொருள்களின் வெள்ளத்தில் கைவினை மூழ்கிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எழுப்பிய குரல் போற்றத்தக்கது. எனினும், தந்தையிடமிருந்து மகனுக்குத் தொழில் இறங்கிவரும் பரம்பரை ஒழுங்கை அவர் உயர்த்திப் பேசிய அளவுக்கு, அவ்வொழுங்கில் சிக்கியவர்களின் துன்பத்தைப் பேசவில்லை. குயவரின் மகன் குயவராகவே இருந்தாக வேண்டும் என்ற நியதியில், சக்கரம் சுழற்றும் கை திறமையுடையதாயினும் உரிமையுடையதன்று.

இந்த வேறுபாடு கல்வித் துறையில் இருமுறை சோதனைக்கு உள்ளாயிற்று. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, எல்லாக் குழந்தைகளும் ஏதேனும் ஒரு கைத்தொழில் வழியாகக் கல்வி பெற வேண்டும் என்றது. 1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமோ, பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தை தன் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் பிறரும் அதனைக் குலக்கல்வி என்று சாடினர். 1954இல் அது கைவிடப்பட்டது. இரண்டுமே கைத்தொழிலைப் பற்றியவைதாம். முன்னதில் எந்தக் குழந்தையும் எந்தத் தொழிலையும் கற்கலாம். பின்னதில் பிறப்பு தொழிலைத் தீர்மானித்தது. கைவேலை மனிதனை உயர்த்துமா தாழ்த்துமா என்ற வினாவுக்கு விடை அந்த வேறுபாட்டில்தான் உள்ளது. தாமே தேர்ந்து செய்வதே கைவினை. வேறு வழியின்றிச் செய்யவைக்கப்படுவது வெறும் சுமை.

தோட்டம் தந்த கை

இங்கேதான் லாயாங் லாயாங் போன்ற ஊர்களின் வரலாறு பொருளுடையதாகிறது. ரெங்கத்திற்கும் கூலாய்க்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்த இவ்வூரைச் சூழ்ந்தவை இரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் தமிழ்த் தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தடை விதித்ததோடு அம்முறை முடிவுற்றது. அவ்வாறு வந்தோர் ஊரில் எத்தொழில் செய்திருந்தாலும் தோட்டத்தில் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது பால்மரம் வெட்டும் வேலையே. சாதி உணர்வு தோட்டத்து லயங்களிலும் ஒழிந்துவிடவில்லை என்பது உண்மை. ஆயினும், தொழிலுக்கும் பிறப்புக்கும் இருந்த முடிச்சு அங்கே தளர்ந்தது. பூக்கட்டும் குடியில் பிறவாதவரும் பூக்கட்டினர். தையற்குடியில் பிறவாதவரும் தைத்தனர். திருவிழாவுக்குத் தோரணம் பின்ன யாரையும் குலம் கேட்டு அழைக்க வேண்டியதில்லாமற் போயிற்று. வறுமையும் தனிமையும் நிறைந்த வாழ்வில், தம்மை அறியாமலேயே தோட்டத்துப் பெண்கள் ஈட்டிய உரிமைகளுள் இதுவும் ஒன்று.

இந்த வரலாற்றைப் போற்றிக் காப்பவர் மிகச் சிலரே. மலேசிய அரசு 1979இல் கைவினை மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தது. சொங்கெட் நெசவு 2021இலும் கெபாயா உடை 2024இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. மலாக்காச் செட்டி சமூகத்துப் பெண்களும் கெபாயா அணிபவரே என்பதால் அப்பெருமையில் தமிழ் வழியினருக்கும் பங்குண்டு. தொடக்கப்பள்ளிக் கலைக்கல்வியில் மரபுக் கைவினையை அறிதல் என்பது நான்கு துறைகளுள் ஒன்று. வாவ் எனும் பட்டத்தையும் பாத்தேக் துணியையும் பின்னல் வேலையையும் தமிழ்ப்பள்ளி மாணவர் அறிந்துகொள்வது நன்றே. லாயாங் லாயாங் என்ற மலாய்ச் சொல்லே பட்டத்தைக் குறிப்பது. தகைவிலான் குருவிக்கும் அப்பெயர் உண்டு. மூங்கிலைப் பிளந்து சீவிச் சட்டம் கட்டத் தெரிந்த கையே பட்டத்தைப் பறக்கவிட முடியும். அதே வகுப்பறையில், அதே மாணவனின் தாய்க்குத் தெரிந்த தோரணப் பின்னலும் பூத்தொடுப்பும் கோலமும் அருகருகே வைத்துக் கற்பிக்கப்படுமானால், தன் வீட்டுக் கையும் நாட்டின் கைவினைக்கு உரியதே என்பதை அவன் உணர்வான். அதற்குப் பாடத்திட்டம் தடையன்று. ஆசிரியரின் விருப்பமே போதும்.

இன்றைய அணிகள்

இந்நான்கு அளவுகளால் இன்றைய கைபுனை அணிகளை அளந்தால் கிடைக்கும் முடிவு கலவையானது.

வெட்டித் துளையிட்டு எண்ணிப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் உறுப்புகளை வாங்கி, குறிப்பில் சொன்னபடி ஒட்டி முடிப்பது பொழுதுபோக்காகலாம், கைவினையாகாது. அங்கே பொருளறிவு வேறொருவருடையது, வடிவமும் வேறொருவருடையது. எஞ்சுவது பசை பூசும் வேலை மட்டுமே. ஞெகிழி வளையலின் மேல் நூல் சுற்றுவதும் அந்நிலையிலேயே நின்றுவிடின் அதனைப் பெரிதும் புகழ்வதற்கில்லை. ஆனால், எந்த நிறத்தோடு எந்த நிறம் இசையும் என்று தேர்ந்து, சேலையின் கரையைப் பார்த்து நூலின் வரிசையை அமைத்து, இழை புரளாமல் நெருக்கிச் சுற்றும் பெண் கலைஞரே. பொருள் மலிவாக இருக்கலாம், கண் மலிவானதன்று. கண்ணாடி மணிகூட ஒரு காலத்தில் எளிய பொருளே. அரிக்கமேட்டில் செய்யப்பட்டவை போன்ற சிறு மணிகள் தென்கிழக்காசியா எங்கும் பரவின. கெடாவின் சுங்கை மாஸிலும் பேராவின் கோலா செலின்சிங்கிலும் அவ்வகை மணிகள் செய்யப்பட்டதற்குச் சான்றுகள் உண்டு. ஜொகூர் ஆற்றங்கரையில் கிடைத்த பழைய மணிகளைப் பற்றி 1937இல் ஜெரால்டு கார்ட்னர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அரண்மனைகள் அழிந்த பின்னும் இந்தச் சிறு மணிகள் எஞ்சி நின்று கடல்வழி உறவைச் சொல்கின்றன.

ஆரி வேலையின் நிலை வேறு. அங்கே பொருளறிவு உண்டு. உட்புறத் தூய்மையும் பெரும்பாலும் உண்டு. குறைவது உரிமை. விரும்பிக் கற்ற கலையாயினும், கூலியில் அவ்வுரிமை பறிபோகிறது. ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். மலேசியாவில் 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8.72 ரிங்கிட். ஒரு ரவிக்கைக்கு 20 மணி நேரம் செலவாகுமாயின் உழைப்பின் விலை மட்டுமே 174.40 ரிங்கிட். துணி, நூல், மணிகளுக்கு 50 ரிங்கிட் என்று கொண்டால் அடக்கவிலை 224.40 ரிங்கிட் ஆகிறது. இதில் கண் வலிக்கும் முதுகு வலிக்கும் இடமில்லை; ஆதாயமும் சேரவில்லை. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே" என்று சொல்லி 100 ரிங்கிட்டுக்குக் கேட்பவர், 124.40 ரிங்கிட் உழைப்பைக் கூலியின்றி வாங்கிக்கொள்கிறார். உறவினர் என்ற உரிமையோடு கேட்கும்போது செய்பவர் மறுக்கவும் இயலுவதில்லை. அன்பினால் கொடுப்பது வேறு. அன்பின் பெயரால் எடுத்துக்கொள்வது வேறு. கபிலரின் தோழி, தழை எந்தச் சரிவிலிருந்து பறிக்கப்பட்டது என்பதை அறிந்தே பேசினாள். இன்றைய நுகர்வோர் தம் தோளில் கிடக்கும் பூவேலை எத்தனை இரவில் முளைத்தது என்று கேட்பதே இல்லை.

செய்பவரிடமும் ஒரு கடமை உண்டு. தம் நேரத்தைத் தாமே எண்ணாதவரின் நேரத்தைப் பிறர் எண்ணமாட்டார். தொடங்கிய மணியையும் முடித்த மணியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம், ஊசியும் நூலும் போலவே இக்கலைக்கு இன்றியமையாத கருவியாகும்.

அணிகளை ஆராய்வது இலக்கியத் திறனாய்வுக்குப் புறம்பானது என்று கருதுவோர் இருக்கலாம். காப்பியமே ஒரு சிலம்பின் பெயரைத் தாங்கி நிற்கும் மொழியில் அவ்வாறு கருதுவது பொருந்தாது. பொருளறிந்து செய்ததா, யாருக்காகச் செய்தது, மறுபக்கமும் தூயதா, செய்தவர் உரிமையோடும் உரிய கூலியோடும் செய்தாரா என்னும் நான்கு வினாக்களையும் எழுப்பும் பழக்கம் வாங்குவோரிடையே பரவுமாயின், மட்டமான வேலை தானே ஒதுங்கும். நல்ல வேலை தன் விலையைப் பெறும். தோட்டத்து வாழ்வில் தம் தாயர் தம்மை அறியாமலே ஈட்டிய கையுரிமையை, இன்றைய தலைமுறை அறிந்தே காத்துக்கொள்வதற்கு அதுவே வழி.